வானம் துலங்கிய இரவு

தை மாதத்தில்
நுவரெலியாவில் நட்சத்திரம் தெரிந்தால்
எனக்கு வயிறு கலங்கும்.
முகில் மூடிக் கிடந்தால் நல்லது.
காற்றடித்தாலும் பாதகமில்லை.
காற்று நின்று,
வானம் கழுவி வைத்த தட்டாய்த் துலங்கி,
குதிரைப் பந்தயத் திடல் பக்கம்
நாய்கூடக் குரைக்காமல் இருந்தால்
விடியும்போது பனி கொட்டியிருக்கும்.

நவ்ஷாட் நானாவின் டயர் கடைக்கு மேலே
எங்களுக்கு ஒரு காம்பரா, நீட்டாக ஒரு பால்கனி.
மண் என்று எங்களுக்கு இருப்பது
வாளிகளுக்குள் இருப்பதுதான்.
பெயின்ட் வாளி ஒன்பது.
அடி ஓட்டை விழுந்த சோற்றுப் பானை.
மீன்கடையில் கெஞ்சி வாங்கிய ரெஜிபோம் பெட்டி நாலு,
எத்தனை கழுவியும்
மழை பெய்தால் இன்னும் சூரை மணக்கும்.
மகள் நிரோமியின் மழை பூட்ஸில் ஒரு கால் மட்டும்.
அதில் தைம்.

பெரிய ஹோட்டல் தோட்டத்தில் வேலை செய்யும் லீலாவதி
வெட்டி வீசும் கிளைகளைப் பையில் போட்டுத் தருவாள்.
ரோஸ்மேரி, சேஜ், பெயர் மறந்துபோன இன்னொன்று.
பார்ஸ்லியை மூன்று மாதம்
கொத்தமல்லி என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன்.
கறிவேப்பிலை மாத்திரம் நான் கேட்டு வந்தது.
சந்தனம் மாத்தளைக்கு ஹயர் போய்
வேன் சீட்டுக்கடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று.
இரண்டு வருடத்தில் என் இடுப்பளவு.

அன்றைக்கு ராத்திரி ஒன்பதரை.
நட்சத்திரம் எண்ணலாம்.
யாரை உள்ளே எடுப்பது, யாரை வெளியே விடுவது?
மூன்று பேர் படுக்கவும் இடம் வேண்டும்.
ரம்பை உள்ளே.
கற்பூரவள்ளி உள்ளே, தொட்டாலே ஒடிகிற சாதி.
பச்சைமிளகாய், துளசி, உள்ளே.
லீக்ஸ் நிற்கட்டும்.
புதினா கருகும். கருகட்டும், அதற்கு வேர் போதும்.
ரோஸ்மேரி என்னை எதுவும் கேட்கவில்லை.

"சீட் இல்லாத வேனில ஆள் ஏத்துற மாதிரி இருக்கு"
என்று கட்டிலில் காலை மடக்கினான் சந்தனம்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
உள்ளே வருவதெல்லாம்
எங்கள் சட்டிக்குள் போகிறவை.
குளிரைத் தாங்கி வெளியே நிற்பதெல்லாம்
எனக்குச் சமைக்கத் தெரியாதவை.

கறிவேப்பிலை வாளி கதவுக்குள் நுழையவில்லை.
சரித்தோம், திருப்பினோம்,
கிளை ஒன்று முறிந்தது, வாசம் வந்தது, நிறுத்திவிட்டோம்.
மலையில் நான் கொழுந்தெடுத்த காலத்துப் படங்கு
கட்டிலுக்கடியில் கிடந்தது.
அதைச் சுற்றிச் சணல் கட்டினேன்.
பிள்ளைக்குக் கட்டுவது மாதிரி
கழுத்தில் இறுக்காமல்.

ஐந்து மணிக்குப் பேசினில் தண்ணீர்
கண்ணாடித் தகடாய்க் கிடந்தது.
பனி கொல்லாது, பனிமேல் விழும் வெயில்தான் கொல்லும் என்று
கிழங்குத் தோட்டக்காரர்கள் சொல்வார்கள்.
தகட்டை உடைத்து,
விரல் மரத்துப்போக,
வெயில் வருமுன் எல்லாவற்றுக்கும் தெளித்தேன்.
தைமின் ஒவ்வொரு இலைக்கும் வெள்ளை ஓரம்.
தட்டினேன், உதிர்ந்தது,
கீழே அதே பச்சை, ஒன்றும் நடக்காததுபோல.
படங்கை அவிழ்த்தேன்.
கறிவேப்பிலை
வெந்நீரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரசத்துக்குத்
தாளிக்க வேறு இலை இல்லை.
பூட்ஸிலிருந்து இரண்டு கொத்துக் கிள்ளிப் போட்டேன்.
ஆஸ்பத்திரி மணக்குது என்றாள் நிரோமி.
சந்தனம் ஒன்றும் சொல்லவில்லை,
கோப்பையை மறுபடி நீட்டினான்.

கறிவேப்பிலைத் தண்டை நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும்.
உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறதாம்.
நுனியில் சுரண்டினேன், பழுப்பு.
நடுவில் சுரண்டினேன், பழுப்பு.
மண்ணுக்கு இரண்டு விரல் மேலே
இன்னும் ஓர் இடம் இருக்கிறது.

அதை நாளைக்குப் பார்க்கலாம்.
இன்றைக்கு முகில் மூடியிருக்கிறது.